பூனையை விரட்டினால் தெள்ளு போகுமா?

பொங்கல் முடிந்து காரைக்காலிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம், முத்தியால்பேட்டை வீட்டின் பூட்டைத் திறந்து முதலில் உள்ளே போனவன் நான்தான். எட்டு நாள் அடைத்துக் கிடந்த வீடு. ஜன்னலைத் திறந்துவிடலாம் என்று கூடத்தில் பத்தடி நடந்திருப்பேன். கணுக்காலைச் சுற்றிச் சுருக் சுருக்கென்றது. விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தால், வெள்ளை வேட்டியின் கீழ்ப்பகுதியில் எள்ளை அள்ளித் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். தட்டிவிடக் கையைக் கொண்டுபோனேன். எள் தாவியது.

வாசலில் பைகளோடு நின்றிருந்த அம்மாதான் பெயரைச் சொன்னார். “தெள்ளுடா! யாரும் உள்ள வராதீங்க.”

வீட்டில் அப்போது பூனை கிடையாது. கொண்டுபோய் விட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. விட்டதே தெள்ளுக்குப் பயந்துதான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்ததை இந்த ஊர்க்காரர்கள் மறக்கமாட்டார்கள். 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கும் மேல் மழை. கிருஷ்ணா நகர் பக்கம் ராணுவம் வந்து ஆட்களை மீட்டது. எங்கள் தெருவில் தண்ணீர் இரண்டாவது படியோடு நின்றுவிட்டது. மறுநாள் காலை மூன்றாவது படியில், பிழிந்து போட்ட துணிபோல ஒரு பூனைக்குட்டி உட்கார்ந்திருந்தது. ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் அதைத் துண்டில் சுற்றி எடுத்துவந்து, ஃபெஞ்சல் என்றே பெயரும் வைத்துவிட்டாள். குட்டி அரிசி மூட்டைமேல் தூங்கியது. கட்டிலுக்கடியில் சுருட்டி வைத்திருந்த கோரைப்பாயில் தூங்கியது. அம்மா மடித்துவைத்த புடவைமேலும் தூங்கியது. டிசம்பர் கடைசியில் பின்னங்காலால் ஓயாமல் கழுத்தைச் சொறிய ஆரம்பித்தது. மகளின் கணுக்காலிலும் கொத்துக்கொத்தாகச் சிவப்புத் தடிப்பு.

பக்கத்து வீடு, எதிர்வீடு, வேலைக்கு வரும் அக்கா, ஹவுஸ் ஓனர் எல்லோரும் சொல்லிவைத்ததுபோல் ஒரே தீர்ப்பு சொன்னார்கள்: “பூனைய எங்கயாவது கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுங்க.” மகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் பார்த்து, கட்டைப்பையில் குட்டியை வைத்து, தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகம் பக்கம் விட்டுவிட்டு வந்தேன். மீன் கிடைக்குமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில் குற்றம். முதல்முறை செய்தால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஸ்கூட்டரில் போய்வந்த பெட்ரோலே அந்தப் பத்து ரூபாயைத் தாண்டியிருக்கும்.

குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அது வடிகட்டின முட்டாள்தனமும்கூட என்பது வேட்டியில் எள் தாவிய பிறகுதான் உறைத்தது. தெள்ளு பூனையில் குடியிருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். பூனை அதற்குச் சாப்பாட்டுக் கடை, அவ்வளவுதான். குடியிருப்பு நம் வீட்டுத் தரையில்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மருந்துக் கடையில் போய்த் தெள்ளு என்றால் பாதிப் பேர் உண்ணி மருந்தை எடுத்து நீட்டுகிறார்கள். உண்ணிக்கு எட்டுக் கால். தோலில் கடித்துக்கொண்டு பயறுபோல் உப்பிக் கிடக்கும். தெள்ளு ஆறு கால் பூச்சி. பக்கவாட்டில் தட்டையானது. ரோமங்களுக்கு நடுவே மீன்போல் நழுவி ஓடும். விரல்களுக்கிடையே வைத்து நசுக்கினாலும் சாகாமல் தாவிவிடும். கட்டைவிரல் நகம் இரண்டுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அப்போதுதான் செத்தது என்று அர்த்தம். உலகம் முழுக்க வீட்டுப் பூனைகளிலும் நாய்களிலும் அதிகம் தென்படுவது பூனைத் தெள்ளு என்ற ஒரே இனம்தான். ரிசிலின் என்ற ரப்பர் போன்ற புரதத்தில் விசையைச் சேர்த்துவைத்துத் தாவுகிறது. அந்த விசை எந்தக் காலிலிருந்து எப்படித் தரைக்கு இறங்குகிறது என்று அறிஞர்கள் நாற்பது ஆண்டுக்கும் மேல் சண்டை போட்டு, 2011-இல்தான் கேம்பிரிட்ஜில் அதிவேகக் கேமரா வைத்துத் தீர்த்தார்கள். கடிபட்டுக்கொண்டு இதைப் படித்தபோது அந்த அறிஞர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40, 50 முட்டை வரை இடும். ரோமத்தில் ஒட்டாத வழவழப்பான முட்டை. பூனை படுக்கும் இடத்திலும் குதிக்கும் இடத்திலும் பொடி உப்புபோல் உதிர்ந்துவிடும். கூடவே, உலர்ந்த ரத்தமாகிய தெள்ளின் கழிவும் உதிரும். முட்டையிலிருந்து வரும் புழுவுக்கு அதுதான் ஆகாரம். மாடி வீட்டுக்காரி கூடையில் கயிறு கட்டிக் கீழே இறக்குவதுபோல, தாய் மேலே குடித்துவிட்டுப் பிள்ளைக்குக் கீழே அனுப்புகிறாள். புழுவுக்கு வெளிச்சம் ஆகாது. கட்டிலடி, பாயின் மடிப்பு, தரை விரிசல் என்று இருட்டைத் தேடிப் போய்விடும். ஒரு வீட்டின் மொத்தத் தெள்ளுக் கூட்டத்தில் கடிக்கிற வயதில் இருப்பவை நூற்றுக்கு ஐந்து என்பது பூச்சியியல்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. மிச்சம் தொண்ணூற்றைந்தும் முட்டையாக, புழுவாக, கூடாகத் தரையில் கிடக்கின்றன. நான் துறைமுகத்தில் விட்டுவிட்டு வந்தது அந்த ஐந்தைத்தான். அதிலும் பாதியைப் பூனையே நக்கி விழுங்கியிருக்கும்.

அந்தக் கூடுதான் விவகாரம் பிடித்தது. புழு பட்டுநூல் மாதிரி ஒன்றைப் பின்னிக் கூடு கட்டும். பிசுபிசுப்பான அந்தக் கூட்டில் தூசும் மண்ணும் ஒட்டிக்கொள்ள, விரிசலில் கிடக்கும் அழுக்குத் துணுக்குபோல்தான் தெரியும். உள்ளே முழுதாக வளர்ந்துவிட்ட தெள்ளு வெளியே வர அவசரப்படாது. மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். காலடி அதிர்வு, உடம்புச் சூடு, நாம் விடும் மூச்சின் கரியமில வாயு, இவை பட்டதும் கூட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். நாங்கள் காரைக்காலில் கரும்பு கடித்துக்கொண்டிருந்த எட்டு நாளும் எங்கள் கூடத்தில் அவை கதவு திறக்கக் காத்திருந்தன. நான் நடந்த பத்தடிதான் பந்திக்கு மணி அடித்தது. பூனை இருந்திருந்தால் பூனைமேல் ஏறியிருக்கும். பூனை இல்லை, என் கால் இருந்தது.

இந்தக் கணக்கை முதலில் கண்டுபிடித்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். அதில் ஒரு பூனைக்கும் பங்கு உண்டு. பால்-லூயி சிமோன் என்ற ராணுவ டாக்டரை பாஸ்டர் நிறுவனம் 1897-இல் பிளேக் பரவிய பம்பாய்க்கு அனுப்பியது. எலி சாகும் இடத்தில் மனிதனும் சாகிறான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எலியிலிருந்து மனிதனுக்கு நோயைக் கொண்டுவருவது எது என்பதுதான் தெரியவில்லை. நோயாளிகள் சிலரின் காலில் சின்னக் கொப்புளத்தைப் பார்த்த சிமோனுக்குத் தெள்ளுக்கடியோ என்று சந்தேகம். 1898 ஜூன் 2 அன்று கராச்சியில், தான் தங்கியிருந்த ஓட்டலில், பிளேக் கண்ட எலி ஒன்றைப் பெரிய கண்ணாடி ஜாடிக்குள் விட்டார். எலியின் மேல் இருந்த தெள்ளு போதாதோ என்று, ஓட்டலைச் சுற்றித் திரிந்த பூனை ஒன்றிடமிருந்தும் கொஞ்சம் தெள்ளைக் கடன் வாங்கிச் சேர்த்தார். எலி சாகும் தறுவாயில், கம்பிவலைக்கு அந்தப் பக்கம் ஆரோக்கியமான இன்னோர் எலியை வைத்தார். வலை வழியே எலி போகமுடியாது, தெள்ளு போகும். சில நாளில் அந்த எலியும் பிளேக்கில் செத்தது. சொன்னபோது நம்பியவர்கள் குறைவு. பல ஆண்டு கழித்துத்தான் உலகம் ஒப்புக்கொண்டது.

பிளேக்கைச் சுமப்பது முக்கியமாக எலித் தெள்ளு. பூனைத் தெள்ளு அந்த வேலைக்கு அவ்வளவு லாயக்கில்லாதது. அதனால் யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் சிமோன் கண்ட நடத்தை எல்லாத் தெள்ளுக்கும் பொது. எலி செத்து உடம்பு ஆறியதும் அதை விட்டு இறங்கிச் சூடான அடுத்த உடம்பைத் தேடும். பூனையை வீட்டிலிருந்து அகற்றுவது எலி செத்ததற்குச் சமம். சூடான உடம்பு ஒன்று குறைந்துபோனதும் தெள்ளு அடுத்ததற்கு வருகிறது. வீட்டில் அடுத்தது குழந்தை.

எங்கள் தெரு முனையில் ஒரு சொல்தா வீடு உண்டு. பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கும் பெரியவரை எல்லோரும் முசியே என்றுதான் கூப்பிடுவோம். விஷயம் கேள்விப்பட்டு வாசல்வரை வந்தார்; படியேறவில்லை. “ப்யூஸா? வெளிய சொல்லாதீங்க தம்பி” என்றார் மெதுவாக. பிரெஞ்சில் தெள்ளுக்கு ப்யூஸ் என்று பெயர். தமிழில் பூனைக்குப் பழைய பெயர் பூசை. இந்த ஊரில் இரண்டும் ஒரே திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டன. அவரே தன் பேத்தியை ‘மா ப்யூஸ்’ என்றுதான் கொஞ்சுவார். என் தெள்ளே என்று அர்த்தம். பாரிஸ் ஓரத்தில் பழைய சாமான் விற்கும் சந்தைக்கே தெள்ளுச் சந்தை என்று பெயர். கொஞ்சலிலும் வியாபாரத்திலும் இவ்வளவு தாராளமாகப் புழங்குகிற பெயரை, கூடத்தில் வந்தால் மட்டும் வெளியே சொல்லக்கூடாது!

முசியே சொன்னது தவறில்லை, ஊர் வழக்கம் அப்படி. பேன், மூட்டைப்பூச்சி, தெள்ளு எல்லாம் அடுத்தவர் வீட்டில் இருந்தால்தான் நாம் பேசுவோம். கொசு கடித்தால் நகராட்சியைத் திட்டலாம். தெள்ளு கடித்தால் வீட்டுப் பெண்ணின் விளக்குமாறுமேல் பழி. என் மனைவி தினம் இரண்டு வேளை பெருக்குகிறவர். ஆனாலும் பத்து நாள் யாரையும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. வந்தவர்களையும் திண்ணையோடு காபி கொடுத்து அனுப்பினோம். சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கடற்கரை ஊரின் காற்று ஈரம் எந்த விளக்குமாற்றையும்விட வலியது. ஈரப்பதம் ஐம்பதுக்குக் கீழே போனால் தெள்ளுப் புழு காய்ந்து செத்துவிடும். மே மாத டெல்லியில் அது நடக்கும். புதுச்சேரியில் ஆண்டின் பெரும்பகுதி காற்றே ஈரத்துணி. 27 டிகிரி வாக்கில் வெயில், முக்கால்பங்கு ஈரம் என்று அதற்கு எது பிடிக்குமோ அதைத்தான் நாம் மார்கழியில் சுகமான பருவம் என்கிறோம்.

வெட்கம் வந்தால் அவசரம் வரும்; அவசரம் வந்தால் விஷம் வரும். எங்கள் வீட்டுக்குள் வரப் பார்த்த விஷங்களைச் சொல்கிறேன். பூனை இருந்த நாளிலேயே ஒரு கடையில் கழுத்தில் விடும் சொட்டு மருந்து கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து டியூபைத் திருகப்போகும்போது மகள் அட்டையை வாங்கிப் படித்தாள். “அப்பா, நாய்க்கு மட்டும்னு போட்டிருக்கு.” உள்ளே பெர்மெத்ரின். நாய்க்கு ஒன்றும் செய்யாத அந்த மருந்தைப் பூனையின் ஈரலால் முறித்து வெளியேற்ற முடியாது. நடுக்கம், வலிப்பு, சில வேளை சாவு. அந்த எச்சரிக்கை இருந்தது ஆங்கிலத்தில், கடுகு எழுத்தில். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த என் அம்மா வாங்கப் போயிருந்தால் அன்றே ஃபெஞ்சலின் கதை முடிந்திருக்கும். மருந்து விற்கிற ஊரின் மொழியில், கண்ணுக்குத் தெரிகிற அளவில், “பூனைக்குப் போடாதீர்கள்” என்று இரண்டு சொல் அச்சடிக்க எந்தக் கம்பெனிக்கும் கை வலிக்காது.

தெள்ளு வந்த பிறகு தெரிந்தவர் ஒருவர் பாட்டிலோடு வந்தார். டைகுளோர்வாஸ். ஒரு மூடி தண்ணீரில் கலந்து அடித்தால் ஒன்றும் மிஞ்சாது என்றார். உண்மைதான், நாங்களும் மிஞ்சமாட்டோம். 2020 டிசம்பர் 31 முதல் நாட்டில் தடை செய்யப்பட்ட மருந்து அது. வணக்கம் சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு பூச்சிமருந்து அடிக்கும் ஆள் ஒருவர் வந்து மூவாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, “இனி ஒரு வருஷத்துக்கு இந்தப் பக்கமே வராது சார்” என்று வாக்குக் கொடுத்துப் போனார். பத்தாம் நாள் மறுபடியும் கடி. அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லமாட்டேன். கூட்டுக்குள் இருப்பதை மருந்து தொடாது என்பது அவருக்குத் தெரியவில்லை, அல்லது சொன்னால் காசு வராது என்று தெரிந்திருந்தது. புழு தெள்ளாக மாறவிடாமல் தடுக்கும் பைரிப்ராக்சிஃபென், மெத்தோப்ரீன் போன்றவை சேர்ந்த மருந்தா என்று கேட்டேன். விழித்தார்.

நாட்டு மருந்துப் பக்கம் அம்மா நின்றார். கட்டிலடியில் கல் உப்பைத் தூவினார். இரண்டு நாளில் உப்பு கசிந்து, சிவப்பு சிமென்ட் தரையில் வெள்ளைப் படை கட்டியதுதான் மிச்சம். வேப்பம்புகை போட்டார், அன்று சாயங்காலம் கடி குறைந்தது, மறுநாள் வந்தது. இதில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆனால் அந்துருண்டையைப் பூனை படுக்கும் இடத்தில் போடுவது, நீலகிரித் தைலத்தை ரோமத்தில் தடவுவது, சோற்றில் பூண்டு கலந்து வைப்பது எல்லாம் பூனைக்கு நஞ்சு. இயற்கையானது என்பதாலேயே பூனைக்கு ஆகும் என்று நினைத்துவிடக் கூடாது.

கடைசியில் எங்களைக் கரைசேர்த்தது விளக்குமாறும் வெயிலும் காலண்டரும்தான். காலண்டரை வேண்டுமென்றேதான் சேர்க்கிறேன். ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை என்று ஏற்றுக்கொண்ட அன்றுதான் வேலை ஆரம்பித்தது. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2007-இல் வேக்குவம் கிளீனருக்குள் பூனைத் தெள்ளை விட்டுப் பார்த்தார்கள். வளர்ந்தவற்றில் நூற்றுக்கு 96-உம், இளம்பருவத்தவை அத்தனையும் செத்தன. எங்களிடம் அந்த மெஷின் இல்லை. தங்கையிடம் இரவல் வாங்கினோம். இல்லாதவர்களுக்கு தண்ணீரில் நனைத்த பூந்துடைப்பமும், விரிசலைக் குடைய ஒரு பழைய டூத் பிரஷ்ஷும் போதும்; பெருக்கியதை மூலையில் சேர்த்துவைக்காமல் சோப்புத் தண்ணீர் வாளியில் கொட்டிவிட வேண்டும். தினம் செய்ய வேண்டும். ஆள் நடந்தால் கூடு உடையும் என்பதால் வீட்டைப் பூட்டிப் போடாமல் புழங்கிக்கொண்டே இருக்க வேண்டும். தலையணை உறை, போர்வை, கால்மிதி எல்லாம் கொதிக்கும் தண்ணீரில் ஊறின. மெத்தையையும் பாயையும் மொட்டை மாடியில் மூன்று மூன்று நாள் காயப்போட்டோம். அரிசி மூட்டையை அவிழ்த்து டின்னில் கொட்டிவிட்டுச் சாக்கைக் கொளுத்தினோம். தரை விரிசல்களுக்கு வெள்ளை சிமென்ட் பூசினேன். ஹவுஸ் ஓனருக்கு அதில் மகிழ்ச்சி, செலவு என்னுடையது.

ராத்திரி ஒரு பழைய வித்தை. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, துணி சோப்புத் தூள் கொஞ்சம் கரைத்து, கூடத்து நடுவில் வைத்து, மேலே ஒரு சாண் உயரத்தில் மேசைவிளக்கைத் தொங்கவிட்டோம். மற்ற விளக்கெல்லாம் அணைத்துவிட வேண்டும். சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தாவி வரும் தெள்ளு, சோப்புத் தண்ணீரில் மிதக்க முடியாமல் மூழ்கிவிடும். இதனால் தெள்ளு ஒழியாது; எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று தெரியும். முதல் ராத்திரி நாற்பதுவரை எண்ணிவிட்டு நிறுத்திவிட்டேன். பிறகு எண்ணும் பொறுப்பை மகள் எடுத்துக்கொண்டாள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது: 23, 17, 9, 4. மூன்றாவது வாரம் திடீரென்று 19. மனைவி அன்று விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். கூட்டில் மிச்சமிருந்தவை மொத்தமாக வெளியே வந்த வாரம் அது என்பதும், நல்ல சகுனம் என்பதும் பிறகுதான் புரிந்தது. மார்ச்சில் தொடர்ந்து ஒன்பது நாள் சைபர்.

நோயைப் பற்றியும் சொல்லவேண்டும். பெரும்பாலும் இது அரிப்போடு போகும். சொறிந்து புண்ணாக்காமல் இருந்தால் போதும், கேலமைன் தடவலாம். ஆனால் தெள்ளு வயிற்றில் நாடாப்புழுவின் இளம்பருவம் இருக்கும். பூனை நக்கும்போது அது பூனைக்குள் போகிறது; தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் குழந்தைக்குள்ளும் போகலாம். பூனையின் பின்பக்கத்தில் வெள்ளரி விதை மாதிரி எதுவும் ஒட்டியிருந்தால் அதுதான். காய்ந்தால் அரிசிபோல் தெரியும். தெள்ளு மருந்தோடு பூச்சி மாத்திரையும் கொடுக்கச் சொல்வது இதனால்தான். தெள்ளுக் கழிவு பட்ட நகத்தால் பூனை கீறினால் நெறி கட்டிக் காய்ச்சல் வருவதும் உண்டு. தெள்ளால் பரவும் டைஃபஸ் காய்ச்சலும் இருக்கிறது. இந்த ஊரில் மழைக்காலம் முடிந்ததும் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் வேறு. அது செடிகொடிகளில் இருக்கும் சின்னஞ்சிறு பூச்சியின் இளம்பருவம் கடிப்பதால் வருவது. ஜிப்மர் டாக்டர்களுக்கு நன்கு பழக்கமான நோய். நான்கு நாளுக்கு மேல் காய்ச்சல் விடவில்லை என்றால், “வீட்டில் பூனை இருக்கிறது, இன்ன இடத்தில் கடி இருக்கிறது” என்று டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். சரியான மருந்து சீக்கிரம் கிடைக்க அந்த ஒரு வாக்கியம் உதவும்.

இனி ஊரைப் பற்றி. கடித்து நோய் பரப்பும் பூச்சிகளை ஆராயவென்றே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மையம் ஒன்று 1975 முதல் இங்கே இருக்கிறது, இப்போது இந்திரா நகரில். யானைக்கால் கொசுவை அடக்க 1980-களில் இதே ஊரில் அது செய்துகாட்டிய வேலை பேர்போனது. குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இவ்வளவு படிப்பு இருக்கிற ஊரில், தெள்ளு வந்தால் என்ன செய்வது என்று தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கை என் கைக்குக் கிடைக்கவில்லை. கொசுவுக்கு இருக்கிற மரியாதை தெள்ளுக்கு இல்லை.

தெருப் பூனைக்கும் அதே நிலைதான். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லித் தெருநாய்கள் பற்றி உத்தரவு போட்டு, பதினோரு நாளில் திருத்தி, நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தியது. பூனையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பெரிய மார்க்கெட் மீன் பகுதியில், வைத்திக்குப்பத்தில், குருசுக்குப்பத்தில் சாயங்காலம் நின்று பார்த்தால் தெரியும். எலி பிடிக்கும் என்று எல்லோருக்கும் வேண்டும். குட்டி போட்டால் யாருக்கும் வேண்டாம். சாக்கில் கட்டி அடுத்த பேட்டையில் விடுகிறோம். அந்தப் பேட்டைக்காரர் அவர் பேட்டைக் குட்டியை நம் தெருவில் விடுகிறார். தெள்ளு ஊர் சுற்றுவதற்கு இதைவிட நல்ல போக்குவரத்து வசதி கிடையாது. நகராட்சியும் கால்நடைத் துறையும் பேட்டைவாரியாக ஆண்டுக்கு இரண்டு நாள் பூனைக்குக் குடும்பக்கட்டுப்பாடு செய்து, அப்போதே கழுத்தில் ஒரு சொட்டு மருந்தும் விட்டு அனுப்பினால் ஆகிற செலவு, ஒவ்வொரு வீடும் தனித்தனியே மூவாயிரம் கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். மழை ஓய்ந்த ஜனவரியும், கோடை தொடங்கும் மார்ச்சும் அதற்கு ஏற்ற காலம்.

ஃபெஞ்சலைத் தேடித் துறைமுகத்துக்கு இரண்டு முறை போனேன். சாம்பல் நிறத்தில், வால் நுனி வெள்ளையாக ஐந்து குட்டிகளைப் பார்த்தேன். எதுவும் என்னைப் பார்த்துத் திரும்பவில்லை. மகள் கேட்டபோது உண்மையைச் சொல்லிவிட்டேன். நான்கு நாள் என்னோடு பேசவில்லை.

மார்ச் கடைசியில் ஒரு செம்பட்டைக் குட்டி தானாகவே வந்து என் ஸ்கூட்டர் சீட்டில் தூங்க ஆரம்பித்தது. இந்தத் தடவை முறைப்படி போனோம். பேன் சீப்பால் வாரி, உதிர்ந்த கறுப்புத் தூளை நனைத்த வெள்ளைத் துணியில் தட்டிப் பார்த்தாள் மகள். மண்ணாக இருந்தால் மண்ணாகவே இருக்கும். தெள்ளின் கழிவு என்றால் செம்பழுப்பாகக் கரையும். கரைந்தது. கால்நடை டாக்டரிடம் போனில் கேட்டோம். பூனைக்கென்றே வருகிற சொட்டு மருந்து இருக்கிறது, எடை தெரியாமல் அளவு சொல்லமுடியாது, மாதம் ஒருமுறை விடாமல் போடவேண்டும் என்றார். வீட்டில் இருக்கும் எடை மெஷின் ஆளுக்கானது. குட்டி ஏறி நின்றால் முள் அசையவில்லை.

கட்டைப்பையில் குட்டியை வைத்துத் தெருமுனை பழைய பேப்பர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மகள் என் கையைப் பிடிக்கவில்லை, பையின் காதைத்தான் பிடித்துக்கொண்டு வந்தாள். கடைக்காரர் பையை வாங்கிப் பழக்கதோஷத்தில் கொக்கியில் மாட்டிவிட்டார். உள்ளேயிருந்து மியாவ் என்றது.

“ஒண்ணு எழுநூறு” என்றார். பிறகு எட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்கு ரேட்டு எதுவும் போடறதில்லையே சார்” என்றார்.